வளைகுடா நாடு என்று நம்பி வராதீர்கள்: ஜிபூட்டி பற்றிக் கேட்ட தம்பிக்கு

ஜிபூட்டித் துறைமுகத்தில் சரக்கு கையாளும் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், தம்பி. வளைகுடாப் பக்கத்து நாடுதானே, சம்பளத்துக்கு வரி இருக்காதல்லவா, செலவு எவ்வளவு ஆகும், ஆட்சி எப்படி, குடும்பத்தை அழைத்து வரலாமா, சைவச் சாப்பாடும் கோயிலும் உண்டா என்றும் வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. ஆனால் "வளைகுடாப் பக்கத்து நாடுதானே" என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஏனென்றால் தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னை இங்கே அனுப்பிவைத்த முகவர் சொன்னதும் அதே வரிதான். துபாயிலிருந்து சில மணி நேரம், அரபும் பேசுவார்கள், கடலும் உண்டு, பாலையும் உண்டு என்று அவர் அடுக்கியதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அவர் சொல்லாமல் விட்டவைதான் என் முதல் ஆண்டு முழுவதையும் விழுங்கின.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜிபூட்டி ஆப்பிரிக்க நாடு. செங்கடலும் ஏடன் வளைகுடாவும் சந்திக்கும் பாப் எல் மண்டப் நீரிணையின் மேற்குக் கரையில், எரித்திரியா, எத்தியோப்பியா, சோமாலிலாந்து ஆகியவற்றுக்கு நடுவே, சுமார் 23,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. மக்கள்தொகை ஏறத்தாழ 10 இலட்சம். அவர்களில் பெரும்பாலோர் தலைநகரிலும், அதையொட்டிய பல்பலாக் குடியிருப்புகளிலுமே வாழ்கிறார்கள். எண்ணெய் கிடையாது, எரிவாயு கிடையாது, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. உழுது விதைக்கத்தக்க நிலம் என்று சொல்லிக்கொள்ளவும் பெரிதாக ஒன்றுமில்லை. தக்காளியும் வெங்காயமும் எத்தியோப்பிய மலைநாட்டிலிருந்து லாரியில் வருகின்றன. குடிநீரில் ஒரு பகுதி, 2017 முதல் எல்லைக்கு அப்பால் ஹதகலா என்ற இடத்தில் இறைக்கப்பட்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வருகிறது. 2021இல் தொராலேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் திறந்தார்கள். மின்சாரத்தின் பெரும்பகுதியும் 2011 முதல் எத்தியோப்பிய அணைகளிலிருந்து கம்பி வழியாகத்தான் வருகிறது. துபாயையும் தோகாவையும் எழுப்பிய பணம் அந்தந்த மண்ணுக்கு அடியிலிருந்து வந்தது. இந்த மண்ணுக்கு அடியில் இருப்பது எரிமலைக் குழம்பு. நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. 1978இல் அர்தூக்கோபா என்ற எரிமலை இங்கே புதிதாகத் திறந்து ஒரு வாரம் நெருப்பைக் கக்கியது. நிலத்தட்டுகள் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் விலகிக்கொண்டே இருக்கும் பிளவின் மேல்தான் இந்த நாடு உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் எதை வைத்துப் பிழைக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி வைத்திருப்பவனுக்கு வயல் எதற்கு? அண்டை நாடான எத்தியோப்பியாவில் 12 கோடிக்கு மேற்பட்ட மக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடற்கரை இல்லை. 1993இல் எரித்திரியா தனி நாடானபோது கரை போயிற்று; 1998இல் இரு நாடுகளுக்கும் போர் மூண்டபோது அசாப் துறைமுகத்தின் வழியும் அடைபட்டது. அன்றிலிருந்து எத்தியோப்பியாவின் கடல் வணிகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜிபூட்டியின் வழியாகத்தான் போய்வருகிறது. கோதுமை, உரம், எரிபொருள், இரும்பு, கார் எல்லாம் இங்கே இறங்குகின்றன. காப்பியும் எள்ளும் இங்கே ஏறுகின்றன. நீங்கள் கணக்கெழுதப்போகும் நிறுவனத்தின் வருமானமும் அங்கிருந்துதான் வரும். எத்தியோப்பியாவில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டால் இங்கே கன்டெய்னர்கள் தேங்கும், பில் தொகை வராது, உங்கள் மேலாளரின் முகம் சுருங்கும். அவர்களுடைய பெருமழைக் காலத்துக்கு முன் உரக் கப்பல்கள் வரிசை கட்டும்போது வெள்ளிக்கிழமை விடுமுறையும் இருக்காது.

துறைமுகத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஆனாலும் நீங்கள் வேலைக்கு வரப்போவது அங்கேதான் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். நான் வந்தபோது எல்லாப் பரபரப்பும் நகரத்தை ஒட்டிய பழைய துறைமுகத்தில்தான். பிறகு வேலை சிறிது சிறிதாக மேற்கே தொராலேக்கு நகர்ந்தது. அங்கே துபாயின் டிபி வேர்ல்ட் நிறுவனத்தோடு சேர்ந்து கட்டிய கன்டெய்னர் முனையம் 2009இல் திறந்தது. 2018 பிப்ரவரியில் அரசு அந்த ஒப்பந்தத்தை முறித்து முனையத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது, வழக்கு இலண்டன் நடுவர் மன்றம் வரை போயிற்று. அதற்குள் சீனர்களின் முதலீட்டில் பல்நோக்குத் துறைமுகம் 2017இல் பக்கத்திலேயே எழுந்துவிட்டது. அதே காலத்தில் தாஜுரா வளைகுடாவின் மறுகரையில் தாஜுரா ஊரில் ஒரு துறைமுகமும், உப்பு ஏற்றுமதிக்காகக் குபெத்தில் இன்னொன்றும் வந்தன. அடிஸ் அபாபா வரை ஏறத்தாழ 750 கிலோமீட்டர் நீளும் மின்சார ரயில் 2018 ஜனவரியில் வணிக முறையில் ஓடத் தொடங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் போட்ட மீட்டர்கேஜ் பாதை அடிஸ் அபாபாவை எட்டியது 1917இல். ஏறத்தாழ நூறாண்டுக்குப் பிறகு சீனர்கள் அடுத்ததைப் போட்டார்கள். இவற்றுக்கெல்லாம் வாங்கிய கடன் பெரிது, அதைத் திருப்பிக் கட்டுவதில் நாடு திணறுகிறது என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கடன் சுமை ஒருநாள் உங்கள் வீட்டு வாடகையிலும் மின்கட்டணத்திலும் எட்டிப்பார்க்கும்.

ரயில் வந்தாலும் லாரிகள் குறையவில்லை. நகரைத் தாண்டி, இங்கே எல்லோரும் "பே கா தூஸ்" என்று அழைக்கும் பன்னிரண்டாம் கிலோமீட்டர் பக்கம் ஒருநாள் மாலையில் போய் நின்று பாருங்கள். எத்தியோப்பிய எண்பலகை மாட்டிய லாரிகள் சாலையின் இருபுறமும் மூக்கும் வாலும் உரச நிற்கும். ஓட்டுநர்கள் டயர் நிழலில் பாய் விரித்துக் கரியடுப்பில் காப்பி கொதிக்கவைப்பார்கள். கலாஃபி எல்லை வரை எந்த மேட்டில் பிரேக் சூடாகும், எந்த வளைவில் ஒட்டகம் குறுக்கே வரும் என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். அலுவலகத்தில் கணினித் திரையைப் பார்த்து நான் கற்றுக்கொண்டதைவிட அந்த டயர் நிழலில் கற்றுக்கொண்டது அதிகம். துபாயில் இருந்துவிட்டு இங்கே வரும் நம் ஆட்கள் சிலர், ஓட்டுநரோடு உட்கார்ந்து காப்பி குடிப்பதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். அவர்களுடைய கன்டெய்னர்தான் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணத்தில் மாட்டும்; பிறகு இந்த ஊரே சரியில்லை என்று புலம்புவார்கள்.

இப்போது நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான எச்சரிக்கைக்கு வருகிறேன். சம்பளத் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். இங்கே புழங்குவது ஜிபூட்டி பிராங்க்; 1973 முதல் ஒரு டாலருக்கு 177.721 என்று கட்டிவைத்த மதிப்பு, இன்றுவரை அசையவில்லை. ஒரு இலட்சம் பிராங்க் என்றால் கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். கணக்கிட்டால் 563 டாலர்கூட முழுதாக வராது. நம் ரூபாய் ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டு பிராங்க் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள். மதிப்பு அசையாமல் இருப்பது ஊருக்குப் பணம் அனுப்புகிறவனுக்கு நல்லதுதான். அந்த ஒரு விஷயத்தில் நான் இந்த நாட்டைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் வளைகுடாவைப் போலச் சம்பளத்துக்கு வரியில்லை என்று எண்ணாதீர்கள். இங்கே ஊதியத்தில் வரியும் சமூகக் காப்பீட்டுத் தொகையும் பிடிப்பார்கள், கடையில் வாங்கும் பொருளுக்கு மதிப்புக் கூட்டு வரியும் உண்டு. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகை பிடித்தத்துக்கு முன்பா பின்பா என்பதைக் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவன் கணக்குப் பிரிவு வேலைக்கே தகுதியில்லாதவன் என்பேன், கோபிக்காதீர்கள்.

அடுத்தது மின்சாரம். இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் வந்த முதல் கோடையில்தான் நம்புகிறார்கள். மே முதல் செப்டம்பர் வரை வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது சர்வ சாதாரணம். நடுக்கோடையில் உள்நாட்டிலிருந்து அடிக்கும் கம்சின் என்ற காற்று புழுதியோடு வந்து கண்ணையும் மூக்கையும் அடைக்கும். காற்று நின்றால் கடலின் ஈரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரவிலும் குளிரூட்டி இல்லாமல் தூங்க முடியாது, குளிரூட்டி ஓடினால் மின்கட்டணம் தூங்க விடாது. இங்கே மின்கட்டணம் நம்மூரை வைத்துக் கணிக்கக்கூடிய அளவில் இல்லை. நான் ஜூன் மாதத்தில் வந்து இறங்கினேன். எனக்கு வேலை கொடுத்த நிறுவனம் அறை கொடுத்தது, அறையில் குளிரூட்டியும் வைத்தது. கட்டணம் என் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பிரெஞ்சில் இருந்தது. முதல் பில் வந்த நாளன்று சம்பள உறையையும் பில்லையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஊருக்கு அனுப்ப மிஞ்சியது என் தூத்துக்குடிச் சம்பளத்தைவிடக் குறைவு. அன்று முதல் மாடியில் ஈரப் பாய் விரித்துப் படுத்தேன். விடியலில் அம்பூலிப் பக்கத்துப் பள்ளிவாசல் பாங்கு கேட்கும்போது பாய் காய்ந்து மொடமொடவென்று இருக்கும். 2023இல் குபெத்தில் 60 மெகாவாட் காற்றாலை திறந்தார்கள், நல்ல காரியம்தான். என் பில் அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை.

மாடியில் படுக்கலாம் என்று உங்களுக்கு நான் யோசனை சொல்லவில்லை. கொசு இருக்கிறது, அதுவும் நம்மூர்க் கொசு. இந்திய நகரங்களில் மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்ந்து மலேரியா பரப்பும் அனாஃபிலஸ் ஸ்டெஃபன்சி என்ற இனம், ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே முதன்முதலாக 2012இல் இந்த ஊரில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆண்டு நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020இல் அந்த எண்ணிக்கை 70,000த்தைத் தாண்டியது. 2024இல் மரபணு மாற்றிய ஆண் கொசுக்களை அம்பூலியில் பறக்கவிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். சென்னை மாநகராட்சி ஆட்கள் வீடு வீடாக வந்து தொட்டியைத் திறந்து பார்ப்பது நமக்குப் பழகிய காட்சி. அந்தப் பழக்கத்தை இங்கே நீங்களாகவே கைக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு இறுக்கமான மூடி, படுக்கைக்கு வலை, காய்ச்சல் வந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை. இந்த மூன்றில் சோம்பல் கூடாது.

ஆட்சி எப்படி என்று கேட்டீர்கள். வேலைக்கு வருகிறவன் தெரிந்துகொள்ள வேண்டிய அளவுக்குச் சொல்கிறேன். 1977 ஜூன் 27 அன்று பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற நாடு இது. அன்றிலிருந்து இரண்டே குடியரசுத் தலைவர்களைக் கண்டிருக்கிறது. முதலாமவர் ஹசன் கூலெட் அப்திடோன், 1999 முதல் அவருடைய அண்ணன் மகன் முறையான இஸ்மாயில் ஓமர் கெல்லே. எத்தனை முறை பதவிக்கு நிற்கலாம் என்ற வரம்பை 2010இல் அரசமைப்பிலிருந்து எடுத்தார்கள். 75 வயது வரம்பு மிஞ்சியிருந்தது, 2025இல் நாடாளுமன்றம் அதையும் நீக்கியது. 65 இடங்கள் கொண்ட அந்த நாடாளுமன்றத்தில் ஆளும் கூட்டணியின் குரல்தான் கேட்கும். தலைவர் சோமாலி இனத்தின் இசாப் பிரிவினர் என்றால் பிரதமர் அஃபார் இனத்தவராக இருப்பது எழுதப்படாத வழக்கம். இந்த இரு இனத்துக்கும் இடையிலான கணக்குத் தீராமல் 1991 முதல் வடக்கில் உள்நாட்டுப் போரும் நடந்தது. கடைசி அமைதி உடன்பாடு 2001இல்தான் கையெழுத்தானது. நீதிமன்றம் பிரெஞ்சு முறையில் நடந்தாலும், இசா மக்களுக்குள் ஒரு தகராறு என்றால் மரத்தடியில் பெரியவர்கள் கூடி ஹேர் என்னும் வழக்காற்றுச் சட்டப்படி தீர்த்துவைப்பது இன்றும் உண்டு. நம்மூர்ப் பஞ்சாயத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது விளங்கிக்கொள்ளக் கடினமாக இருக்காது. என் ஓட்டுநர் நண்பர் ஒருவர் ஒட்டகத்தை மோதிவிட்ட வழக்கு அப்படித்தான் முடிந்தது. காவல் நிலையத்துக்குப் போயிருந்தால் ஆண்டுக்கணக்கில் இழுத்திருக்கும்.

இதில் உங்களுக்கான எச்சரிக்கை இரண்டுதான். அரசியலைப் பற்றிப் பொது இடத்தில் பேசாதீர்கள். உள்ளூர் நண்பர் பேசினாலும் தலையசைத்துக்கொண்டு தேநீரைக் குடியுங்கள். துறைமுகம், விமான நிலையம், பாலம், அரசுக் கட்டடம், படைத்தளம் எதையும் கைப்பேசியில் படம் பிடிக்காதீர்கள். நம் பையன் ஒருவன் கிரேனோடு செல்ஃபி எடுத்து மனைவிக்கு அனுப்பப் போய், அரை நாள் விசாரணை அறையில் உட்கார்ந்துவிட்டு வந்தான். படைத்தளம் என்றதும் நினைவுக்கு வருகிறது. பிரான்ஸ், அமெரிக்கா, ஜப்பான், இத்தாலி, சீனா ஆகிய ஐந்து நாட்டுப் படைகளும் இந்தச் சிறு ஊரைச் சுற்றித் தளம் வைத்திருக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் வெளிநாட்டில் அமைத்த முதல் நிலையான தளம் 2011இல் இங்கே வந்தது. சீனாவின் முதல் வெளிநாட்டுத் தளம் 2017இல் வந்தது. அமெரிக்கர்களின் லெமோனியே முகாமில் மட்டும் 4,000 பேர் அளவில் இருக்கிறார்கள். அவர்கள் கொடுக்கும் வாடகை அரசுக்கு வருமானம், அவர்களையும் ஐ.நா. அதிகாரிகளையும் பார்த்து வீட்டு உரிமையாளர்கள் ஏற்றும் வாடகை நமக்குத் தலைவலி. வசதியானவர்கள் குடியிருக்கும் ஹராமூஸ் பக்கம் வீடு பார்க்கும் எண்ணமே வேண்டாம். வாடகையை நிறுவனம் கொடுப்பதாக இருந்தால் மட்டும் வாருங்கள்.

நடுப்பகல் ஒரு மணியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் இதைப் பற்றித்தான் அதிகம் ஏளனம் பேசுகிறார்கள். மென்றால் போதை தரும் காத் இலை எத்தியோப்பியாவிலிருந்து வந்து சேரும் நேரம் அது. கார்களின் ஹாரன் சத்தத்திலேயே தெரிந்துவிடும். தெரு மூலைகளில் மரமேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஈரச் சாக்கை விலக்கிக் கட்டுகளை எடுத்து நீட்டுவார்கள். ஆண்கள் கிளைநுனித் தளிரை விரலால் தடவிப் பார்த்து, பேரம் பேசி, செய்தித்தாளில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வீடு போவார்கள். அதன் பிறகு மாலை நான்கு மணி வரை கடைகள் மூடியிருக்கும், அலுவலகத்தில் கையெழுத்து வாங்க முடியாது. நாற்பது பாகை வெயிலில் வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? வேலையை ஏழு மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் முடித்துவிடுவது இங்கே அறிவான செயல். குடும்ப வருமானத்தில் பெரும்பங்கை அந்த இலை தின்றுவிடுவது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் டாஸ்மாக் கடை வாசலைக் கடந்து பள்ளிக்குப் போன நமக்கு அதைச் சொல்லிக்காட்டத் தகுதியில்லை என்பது என் கருத்து.

இங்குள்ள இந்தியர்கள் சில நூறு பேர். தமிழர்கள் கைவிரல்களில் எண்ணத்தக்க அளவில்தான். கப்பல்துறையினர், பொறியாளர்கள், கணக்கர்கள், ஐ.நா. பணியாளர்கள் என்று வந்து போகிறவர்களே மிகுதி. குஜராத்தி வணிகர்கள் பிரெஞ்சும் சோமாலியும் வாய் நிறையப் பேசுவார்கள். அவர்கள் நிலைத்ததற்குக் காரணமே அதுதான். நம்மவர்கள் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம் என்று வருகிறார்கள். ஆட்சி மொழிகள் பிரெஞ்சும் அரபும். வீதியில் சோமாலியும் அஃபாரும். சுங்கப் பத்திரமும் வங்கிப் படிவமும் வேலை ஒப்பந்தமும் பிரெஞ்சில் இருக்கும். புதுச்சேரியிலோ காரைக்காலிலோ பள்ளியில் பிரெஞ்சு படித்த நண்பர் யாராவது இருந்தால் இன்றே போய் உட்காருங்கள். நான் இரவு வகுப்பில் சேர்ந்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து கற்றேன். இன்று சுங்க அதிகாரியிடம் நான் பேசும்போது அவர் என்னைக் கொமோரோஸ் தீவுக்காரர் என்று நினைப்பதுண்டு. அதில் எனக்குப் பெருமைதான்.

மொழியோடு சேர்த்துச் சாப்பாட்டையும் முடித்துவிடுகிறேன். அரிசியும் பருப்பும் கிடைக்கும், புளியும் கறிவேப்பிலையும் ஊரிலிருந்து கொண்டுவாருங்கள். லஹோ என்று காலையில் இவர்கள் சுடும் புளித்த மாவுத் தோசையைச் சட்னியோடு தின்றால் ஊர் நினைவு குறையும். சைவம் மட்டும் என்றால் வீட்டுச் சமையல்தான். என்னைப் போல மீன் சாப்பிடுகிறவனுக்கு, ஏமன்காரர் கடையில் மீனை முதுகில் பிளந்து மிளகாய் பூசித் தந்தூரி அடுப்பில் ஒட்டிச் சுட்டு, அகலமான ரொட்டியோடு வைப்பதுபோல் வேறெங்கும் கிடைக்காது. நான் பனிமய மாதா கோயில் தெருக்காரன். இங்குள்ள பேராலயத்தில் பிரெஞ்சுத் திருப்பலிக்குப் போய்விடுவேன். இந்து நண்பர்கள் வீட்டு அலமாரியில் படம் வைத்து விளக்கேற்றிக்கொள்கிறார்கள். பொங்கலுக்கு எல்லோரும் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். அதற்கு மேல் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

உப்பளத்து ஊர்க்காரன் என்பதால் அசால் ஏரியைப் பற்றி இரண்டு வரி எழுதாமல் இருக்க முடியவில்லை. கடல்மட்டத்துக்கு 155 மீட்டர் கீழே கிடக்கும் அந்த ஏரிதான் ஆப்பிரிக்காவின் தாழ்ந்த புள்ளி. கடலைவிடப் பத்து மடங்கு உப்பு. தூத்துக்குடியில் பாத்தி கட்டி, நீர் பாய்ச்சி, நாள் எண்ணி, வாரிக் குவிக்க வேண்டிய உப்பு, அங்கே யாரும் தொடாமலே வெள்ளைத் தரையாக விரிந்து கிடக்கிறது. செருப்பில்லாமல் நடந்தால் பாதம் கிழியும். அலையில் உருண்டு உருண்டு கோலிக்குண்டாகிப்போன உப்பை அஃபார் சிறுவர்கள் பொறுக்கிவந்து விற்பார்கள். ஒட்டகத்தில் உப்புக் கட்டி ஏற்றி எத்தியோப்பிய மலைக்குக் கொண்டுபோவது அவர்களின் பழந்தொழில். அந்த உப்பும் கடைசியில் மலையேறித்தான் காசாகிறது என்று பார்த்தீர்களா. இந்த நாட்டில் எதைத் தொட்டாலும் எத்தியோப்பியாவில்தான் போய் முடியும். அதனால்தான் 2024 ஜனவரியில் எத்தியோப்பியா சோமாலிலாந்தோடு கடல்வழிக்கு உடன்படிக்கை போட்டபோது இங்கே அலுவலகங்களில் பேச்சே எழவில்லை, அத்தனை பேரும் கணக்கில் மூழ்கியதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஜிபூட்டி தாஜுராத் துறைமுகத்தையே நிர்வகிக்கத் தருகிறேன் என்று எத்தியோப்பியாவுக்குச் சொல்லிப் பார்த்தது. நீங்கள் நீண்ட கால ஒப்பந்தம் போடுவதானால் இந்தச் செய்தியைத் தொடர்ந்து படித்து வாருங்கள்.

அவ்வளவு குறை சொல்கிறவர் ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள் என்று உங்கள் மனத்தில் ஓடும். 2015 மார்ச் கடைசியில் ஏமனில் குண்டு விழத் தொடங்கியபோது ஏடனிலிருந்து நம் கடற்படைக் கப்பல் சுமித்ரா 349 பேரை ஏற்றிக்கொண்டு இங்கேதான் வந்தது. அடுத்தடுத்து மும்பை, தர்காஷ் கப்பல்களும் வந்தன. செய்தி கேட்டு நாங்கள் சிலர் தண்ணீரும் ரொட்டியும் வாழைப்பழமும் கட்டிக்கொண்டு போனோம். இறங்கியவர்களில் செவிலியர் நிறைய; பெரும்பாலும் மலையாளிகள், நடுவே நம் பெண்கள். நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி என் கைப்பேசியை வாங்கி அம்மாவை அழைத்தாள். "சாப்பிட்டேன்" என்பதைத் தவிர அவளால் வேறொன்றும் சொல்ல முடியவில்லை, சாப்பிட்டிருக்கவும் இல்லை. பக்கத்தில் நின்ற சோமாலிப் போர்ட்டர் தன் தேநீர்க் குவளையை அவளிடம் நீட்டினார். அதே கடலைத் தாண்டிப் படகுகளில் வந்த ஏமன் குடும்பங்களுக்கு ஒபோக்கில் முகாம் அமைத்து இடம் கொடுத்ததும் இந்த ஏழை நாடுதான். துறைமுகம் என்பதற்காகத்தான் எல்லோரும் இங்கே வருகிறார்கள்; வந்தவர்களை இவர்கள் விரட்டியதை நான் பார்த்ததில்லை. அப்போது நமக்கு இங்கே தூதரகம்கூடக் கிடையாது, அடிஸ் அபாபாவில் இருப்பவர்களே இந்நாட்டையும் கவனித்தார்கள். 2019இல்தான் இங்கே திறந்தார்கள்.

குடும்பத்தை உடனே அழைத்துவர வேண்டாம். நீங்கள் முதலில் அக்டோபர் கடைசியில் வாருங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை இந்த ஊர் நன்றாகவே இருக்கும், ஆர்ட்டாக் கரையில் திமிங்கலச் சுறாகூடப் பார்க்கலாம். ஒரு கோடையைத் தனியாகத் தாண்டியபின் முடிவெடுங்கள். பிரெஞ்சுக் குடும்பங்களே ஜூலை, ஆகஸ்டில் ஊரைக் காலி செய்துவிடுகின்றன. உங்கள் ஆண்டு விடுப்பும் அந்த இரண்டு மாதத்தில் வரும்படி ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வேலை அனுமதியை நிறுவனமே எடுத்துக் கொடுக்க வேண்டும். சுற்றுலா விசாவில் ஏறிவிடுங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று முகவர் சொன்னால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இணையச் செலவையும் விசாரியுங்கள். கடலடிக் கம்பிகள் இத்தனை கரையேறும் ஊரில் அரசு நிறுவனம் ஒன்றே சேவை தருவதால் அதன் விலையும் குறைவில்லை. ஒப்பந்தத்தின் நகலைச் சம்பளத் தொகையை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். மின்கட்டணம், வாடகை, விமானச் சீட்டு ஆகிய மூன்று பிரிவுகளையும் பிரெஞ்சில் படித்துப் பார்த்து இந்த வாரத்துக்குள் பதில் எழுதுகிறேன்.